புதுப்பிப்பு: 3.27 ஜிபிஏ, 645 ஜிமேட் வைத்து கன்சல்டிங் வேலைக்கு விண்ணப்பித்தது என்ன ஆயிற்று

ஜிபிஏ (4-க்குக் கணக்கிடும் கல்லூரி மதிப்பெண் சராசரி) குறைவு, ரெஸ்யூமேயில் அதை விட்டுவிடலாமா, ஜிமேட்டை (எம்பிஏ சேர்க்கைக்கான தேர்வு) திரும்ப எழுதலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வேலை கிடைத்துவிட்டது.

ஆறு நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தேன். ரெஸ்யூமேயில் ஜிபிஏவை மறைத்து அனுப்பிய முதல் இரண்டிலும் கதவு திறக்கவில்லை. மறைத்துப் பயனும் இல்லை. ஆன்லைன் படிவத்தில் அது கட்டாயப் பெட்டி. அப்புறம் ஒருவர் இங்கே சொன்னபடி, மொத்த ஜிபிஏ 3.27, கடைசி இரண்டு ஆண்டுகளில் 3.6 என்று ஒரே வரியில் போட்டேன். கூடவே அங்கே வேலை செய்யும் சீனியர்களிடம் பேசி ரெஃபரல் (பரிந்துரை) வாங்கினேன். மீதி நான்கில் மூன்று நேர்காணலுக்கு அழைத்தன. என் கணக்கில் முக்கால்வாசி வேலையைச் செய்தது ரெஃபரல்தான்.

ஜிமேட்டை மறுபடி எழுதவில்லை. ஆனால் ஒரு வேடிக்கை: முதல் அழைப்பிலேயே "700 கூட இல்லையே?" என்றார் ஒரு ரெக்ரூட்டர். புதிய ஜிமேட் தேர்வின் அளவுகோல் 205 முதல் 805 வரை, அதில் 645 என்பது பழைய 700-க்கு ஏறக்குறைய சமம் என்று விளக்க வேண்டியதாயிற்று. இப்போது ரெஸ்யூமேயில் மதிப்பெண் பக்கத்திலேயே பெர்சன்டைலும் (எழுதியவர்களில் எத்தனை சதவீதம் பேரைவிட மேலே என்ற கணக்கு) போட்டிருக்கிறேன்.

கேஸ் நேர்காணலில் (ஒரு வணிகச் சிக்கலைக் கொடுத்துத் தீர்க்கச் சொல்வது) மதிப்பெண் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஆஃபர் வந்த பிறகு மட்டும் டிரான்ஸ்கிரிப்ட் (கல்லூரி மதிப்பெண் பட்டியல்) கேட்டு, படிவத்தோடு ஒப்பிட்டார்கள். 3.27-ஐ 3.3 என்று போடாதது நல்லதாகப் போயிற்று.