செவர்லே என்ஜாய் இடது பக்கக் கண்ணாடி: பழையது எங்கே கிடைக்கும்?

வணக்கம். கடலூர் செம்மண்டலத்தில் இருக்கிறேன். வண்டி 2014 செவர்லே என்ஜாய், டீசல், வெள்ளை நிறம். மூன்று வாரத்துக்கு முன் மஞ்சக்குப்பத்தில் ஓரமாக நிறுத்தியிருந்தபோது ஒரு லோடு வண்டி இடது பக்கக் கண்ணாடியை உரசிக்கொண்டு போய்விட்டது. கண்ணாடி மட்டும் உடைந்திருந்தால் வெட்டி ஒட்டியிருப்பேன். கதவோடு சேரும் கழுத்தே முறிந்துவிட்டது.

இப்போதைக்கு டேப் சுற்றி நிறுத்தியிருக்கிறேன். நாற்பதைத் தாண்டினால் ஆடுகிறது, பின்னால் வரும் பைக் இரண்டாகத் தெரிகிறது. வாரம் இரண்டு முறை அம்மாவை ஜிப்மருக்கு அழைத்துப் போக வேண்டும். புதுச்சேரி சாலையில் இடது பக்கம் நுழையும் பைக்குகளை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

2017-லேயே இந்தியாவில் செவர்லே விற்பனை நின்றுவிட்டதால், கேட்ட ஸ்பேர் கடைகளில் எல்லாம் கையை விரிக்கிறார்கள். வில்லியனூர் பக்கம் பழைய இரும்புக் கடைகளிலும் பார்த்தாயிற்று. தவேரா கண்ணாடி ஒன்றை வைத்துப் பார்த்தோம், போல்ட் துளைகள் சேரவில்லை. சென்னை புதுப்பேட்டையில் சொல்லிவைத்து ஒன்று வந்தது, பிரித்தால் வலது பக்கம்! திருப்பி அனுப்பினேன்.

எனக்கு வேண்டியது உள்ளே குச்சியால் திருப்பும் வகை, மோட்டார் இல்லாதது. நிறம் எதுவானாலும் சரி, பெயின்ட் அடித்துக்கொள்வேன். கழுத்தில் மட்டும் விரிசல் இருக்கக் கூடாது.

கடலூர், புதுச்சேரி, விழுப்புரம் பக்கம் என்ஜாய் வண்டியைப் பிரித்து விற்கும் கடை எது, யாருக்காவது தெரியுமா?