காரில் உட்கார்ந்தபோதுதான் ஜெர்மன் வேற்றுமை புரிந்தது

ஜெர்மனில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் டேர், டீ, டாஸ் போன்ற குட்டிச் சொற்கள் வேற்றுமைக்கு ஏற்ப மாறும். அதில் அக்குஸாட்டிவா (நம் 'ஐ' வேற்றுமை போன்றது) டாட்டிவா (நம் 'கு' வேற்றுமை போன்றது) என்ற குழப்பம் எனக்கு மொழி வகுப்பில் தீரவில்லை. ஜெர்மனியில் ஓட்டுநர் பயிற்சிக்குப் போனபோதுதான் தீர்ந்தது. அங்கே எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதிவிடலாம், ஆனால் வண்டி ஓட்டிக் காட்டும் தேர்வு ஜெர்மனில்தான். அதனால் பயிற்சியாளர் சொல்வதைக் கடைசி எழுத்துவரை காது கொடுத்துக் கேட்டாக வேண்டும்.

ஆன், அவுஃப், இன், ஹின்டர், ஃபோர் முதலான ஒன்பது ப்ரெபொசிஷன்களுக்கு ('மேல்', 'உள்ளே', 'பின்னால்', 'முன்னால்' என்று இடம் காட்டும் முன்சொற்கள்; இரண்டு வேற்றுமையும் இவற்றோடு வரும்) வகுப்பில் சொல்லும் விதி தெரியுமல்லவா? நகர்ந்தால் அக்குஸாட்டிவ், நின்றால் டாட்டிவ். காரில் இந்த விதி உதவாது, கார்தான் எப்போதும் நகர்கிறதே! "அவுஃப் டீ அவுட்டோபான்" என்றால் அக்குஸாட்டிவ், நெடுஞ்சாலையில் ஏறச் சொல்கிறார். "அவுஃப் டேர் அவுட்டோபான்" என்றால் மணிக்கு 130 கிலோமீட்டரில் பறந்தாலும் டாட்டிவ்தான், ஏனென்றால் ஏற்கெனவே அதன் மேல்தான் இருக்கிறோம்.

பக்கத்து லேனில் ஒரு லாரி போகிறது. "ஹின்டர் டேன் எல்காவே" (அக்குஸாட்டிவ்; எல்காவே என்றால் லாரி) என்றால் லேன் மாறி அதன் பின்னால் போய்ச் சேர வேண்டும். "ஹின்டர் டேம் எல்காவே" (டாட்டிவ்) என்றால் ஏற்கெனவே அதன் பின்னால்தான் வருகிறோம், அப்படியே தொடர வேண்டும். வினைச்சொல் இரண்டுக்கும் ஒன்றே, ஃபாரன் (வண்டியில் போவது). ன் எங்கே, ம் எங்கே என்பதைப் பொறுத்துக் கை செய்ய வேண்டிய வேலையே மாறுகிறது. ஆகவே நகர்கிறோமா என்று பார்க்காதீர்கள், புது இடத்துக்குள் நுழைகிறோமா என்று பாருங்கள்.

நம் தமிழே இதற்குக் கை கொடுக்கும். பூங்காவுக்குப் போகிறேன்: இன் டேன் பார்க். பூங்காவில் ஓடுகிறேன்: இம் பார்க் (இன், டேம் இரண்டும் சேர்ந்தது இம்). ஓட்டம் இருந்தும் நாம் 'இல்' போடுகிறோம், அவர்கள் டாட்டிவ் போடுகிறார்கள். ஒன்றில் மட்டும் கவனம் தேவை. டாட்டிவ் என்றால் நான்காம் வேற்றுமை என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு, 'பூங்காவுக்கு' என்றதும் டாட்டிவ்தான் வாயில் வரும். இங்கே அது நேர்மாறு.

ஓர் இடத்துக்குப் போவதைச் சொல்லும் ட்ஸூ, நாஹ் என்ற முன்சொற்கள் இரண்டும் இந்த ஒன்பதில் சேராது. எங்கே போனாலும் அவற்றுக்கு டாட்டிவ்தான்.

அப்புறம், சில வினைச்சொற்களைத் தனியாகப் படித்துத்தான் ஆக வேண்டும். ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தோம் என்கிறோம், ஜெர்மனில் ஆன்கொம்மன் (வந்து சேர்வது) வந்தால் "அம் பான்ஹோஃப்", டாட்டிவ் (ஆன், டேம் சேர்ந்தது அம்). பார்க்கன் (வண்டியை நிறுத்துவது) என்ற வினைச்சொல்லும் அப்படித்தான். சிவப்புக் காருக்கு முன்னால் வண்டியை நிறுத்தச் சொன்னால் "ஃபோர் டேம் ரோட்டன் அவுட்டோ". அதையே ஷ்டெல்லன் (ஓரிடத்தில் கொண்டுபோய் வைப்பது) போட்டுச் சொன்னால் "ஃபோர் டாஸ் ரோட்ட அவுட்டோ", அக்குஸாட்டிவ்.