யோங்கர்ஸ் கோ-ஆப்: விண்ணப்பம் கொடுத்து 53 நாள், பதில் இல்லை

கேள்வி (யோங்கர்ஸ் அப்பா)

வணக்கம். நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட்செஸ்டர் கவுன்டியில் (மாவட்டம் மாதிரி) இருக்கும் யோங்கர்ஸில் ஒரு கோ-ஆப் கட்டடத்தில் ஒரு படுக்கையறை வீடு வாங்க ஒப்பந்தம் போட்டிருக்கிறேன். கோ-ஆப் என்றால் கட்டடம் குடியிருப்பவர்களின் கூட்டு நிறுவனத்துக்குச் சொந்தம்; வாங்குபவருக்குக் கிடைப்பது அதில் பங்கும் வீட்டுக்கான குத்தகைப் பத்திரமும். அதற்கு நிறுவனத்தின் நிர்வாகக் குழுவான போர்டு ஒப்புக்கொள்ள வேண்டும். விலை 1,85,000 டாலர். முன்பணம் 18,500 டாலர் விற்பவரின் வக்கீலிடம் இருக்கிறது.

போர்டுக்கான விண்ணப்பத் தாள் கட்டை பிப்ரவரி 4 அன்று, கட்டடத்தை நிர்வகிக்கும் மேனேஜிங் ஏஜென்டின் அலுவலகத்தில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். 140 பக்கம். கிடைத்தது என்று ஒரு வரிகூட வரவில்லை. மார்ச் 10 அன்று திடீரென்று ஒரு மின்னஞ்சல்: பேங்க் ஸ்டேட்மென்டில் 6ஆம் பக்கம் இல்லை, என் அப்பா கொடுத்த பணத்துக்குக் கடிதம் மட்டும் போதாது, அவர் கணக்கு விவரமும் வேண்டும்.

அந்த 6ஆம் பக்கம் வெறும் வெள்ளைத் தாள். ஒன்றும் இல்லையே என்று ஸ்கேன் செய்யாமல் விட்டேன். அப்பாவின் பணம் அவர் பாளையங்கோட்டையில் ரிட்டையர் ஆனபோது வந்த தொகை. தங்கை பாஸ்புக்கைப் பக்கம் பக்கமாக போட்டோ எடுத்து அனுப்பினாள். ஊதா மையில் வங்கி முத்திரை, ஓரத்தில் அப்பா பென்சிலில் போட்டு வைத்த கூட்டல் கணக்கு. எல்லாவற்றையும் மார்ச் 12 அன்று கொடுத்துவிட்டேன்.

இன்று மார்ச் 29. வீட்டுக் கடன் வட்டியை வங்கி மாற்றாமல் வைத்திருக்கும் கெடு, அதாவது ரேட் லாக், ஏப்ரல் 17உடன் முடிகிறது. இப்போது இருக்கும் வாடகை வீட்டை ஏப்ரல் கடைசியில் காலி செய்வதாக எழுதிக் கொடுத்தாயிற்று. ராத்திரி தூக்கம் வருவதில்லை.

வெஸ்ட்செஸ்டரில் போர்டு 60 நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாமே? பிப்ரவரி 4இலிருந்து எண்ணினால் ஏப்ரல் 5. மார்ச் 12இலிருந்து என்றால் மே 11. இந்த 36 நாளில்தான் என் கதி இருக்கிறது. எந்தத் தேதி சரி?

பதில் (ஹார்ட்ஸ்டேல் அக்கா)

தம்பி, எங்கள் கட்டடப் போர்டில் 6 வருடம் பொருளாளராக இருந்தவள் நான். சட்டம் இருக்கிறது. 2018இல் கவுன்டி கொண்டுவந்தது. அதில் இரண்டு கெடு. விண்ணப்பம் கைக்கு வந்து 15 நாளுக்குள் ‘கிடைத்தது’ என்று எழுத்தில் சொல்ல வேண்டும். குறை இருந்தால் என்ன குறை என்பதையும் சொல்ல வேண்டும். முழுமையான விண்ணப்பம் கிடைத்து 60 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

‘முழுமையான’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் நீங்கள் மாட்டியிருக்கிறீர்கள். அவர்கள் மார்ச் 12 என்றுதான் வாதாடுவார்கள். ஆனால் குறையைச் சொல்ல அவர்களுக்கு இருந்த கெடு பிப்ரவரி 19. சொன்னது 34ஆம் நாள். அது அவர்கள் பக்கத் தவறு, உங்கள் வக்கீல் கையில் இருக்கும் நல்ல பிடியும் அதுதான்.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். 60 நாள் தாண்டினால் தானாக ஒப்புதல் கிடைத்துவிடாது. கவுன்டியின் மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். அபராதம் முதல் முறை 1,000 டாலர். அதனால் உங்களுக்கு வீட்டுச் சாவி வந்துவிடாது. நாளைக்கே புகார் எழுதாதீர்கள். ‘எந்தத் தேதியில் விண்ணப்பம் முழுமையடைந்ததாகக் கொள்கிறீர்கள்? போர்டு எப்போது கூடுகிறது?’ என்ற இரண்டே கேள்விகளை உங்கள் வக்கீலை விட்டு எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். போனில் வேண்டாம்.

போர்டில் இருப்பவர்கள் சம்பளம் இல்லாமல் வேலை செய்பவர்கள். நாங்கள் மாதம் ஒரு முறைதான் கூடுவோம். விண்ணப்பக் கட்டு ஏஜென்டின் மேஜையில் மூன்று வாரம் கிடந்தது எங்களுக்கே தெரியாமல் போன நாட்கள் உண்டு. உங்கள் விஷயத்திலும் போர்டு இன்னும் கட்டைப் பிரித்தே பார்க்காமல் இருக்கலாம்.

ஆனால் இந்தச் சட்டம் மனித உரிமைச் சட்டத்துக்குள் இருப்பதற்குக் காரணம் உண்டு. பிடிக்காதவரை வெளியே நிறுத்த, பதிலே சொல்லாமல் இருப்பதைவிடச் சுலபமான வழி கிடையாது. கடன் கெடு முடியும், வாங்குபவர் தானாக விலகிப் போவார், யாரும் யாரையும் நிராகரித்ததாக எழுத்து இருக்காது. இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இங்கே நிராகரித்தால் அந்த அறிவிப்பை ஆணையத்துக்கும் அனுப்ப வேண்டும்.

அப்பாவின் கணக்கைக் கேட்டதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரிய தொகை எங்கிருந்து வந்தாலும் கேட்போம்.

பதில் (ஜாக்சன் ஹைட்ஸ் வாசகன்)

வெஸ்ட்செஸ்டர் சட்டம் கவுன்டி எல்லையோடு நின்றுவிடும். யோங்கர்ஸைத் தாண்டி நியூயார்க் நகரத்தின் பிராங்க்ஸுக்குள் போனாலே பொருந்தாது. நான் அதே நகரத்தின் குவீன்ஸில் வாங்கியபோது எனக்கு எந்தக் கெடுவும் இல்லை. நாலு மாதம் காத்திருந்தேன், ரேட் லாக்கை நீட்டிக்க இரண்டு முறை பணம் கட்டினேன்.

உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். நியூயார்க்கில் வழக்கமாகப் பயன்படுத்தும் கோ-ஆப் ஒப்பந்தப் படிவத்தில், குறித்த நாளுக்குள் போர்டு முடிவு வராவிட்டால் குளோசிங் (பணம் கட்டி வீடு கைமாறுவது) 30 வேலை நாள் தள்ளிப்போகும். அதற்குப் பிறகும் வராவிட்டால் இரு தரப்பில் யாரும் ரத்து செய்யலாம், முன்பணம் உங்களுக்குத் திரும்பிவிடும். அந்தப் பத்தியை உங்கள் வக்கீல் மாற்றியிருக்கிறாரா என்று கேளுங்கள். உங்கள் 18,500 தொலைந்துவிடாது என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும்.

கேள்வி கேட்டவர் (யோங்கர்ஸ் அப்பா)

அக்கா, அண்ணா, இருவருக்கும் நன்றி. வக்கீல் திங்கட்கிழமை காலை அந்த இரண்டு கேள்விகளையும் அனுப்பினார். பிப்ரவரி 19 விஷயத்தை ஒரே வரியில் கடைசியில் சேர்த்தார். மறுநாள் மாலையே பதில் வந்துவிட்டது: விண்ணப்பம் மார்ச் 12இல் முழுமையடைந்தது, ஏப்ரல் 9 மாலை 7 மணிக்கு நேர்காணல், கட்டடத்தின் அடித்தளத்தில் துணி துவைக்கும் அறைக்கு அடுத்த அறை. ஒப்பந்தத்தில் அந்த 30 வேலை நாள் பத்தி அப்படியே இருக்கிறது. வங்கியும் ரேட் லாக்கை 15 நாள் நீட்டித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறது, கட்டணம் உண்டு.

நேர்காணலுக்கு மனைவியும் வர வேண்டுமா? குத்தகைப் பத்திரத்தில் என் பெயர் மட்டும்தான்.

பதில் (ஹார்ட்ஸ்டேல் அக்கா)

அழைத்துப் போங்கள் தம்பி. அங்கே குடியிருக்கப் போவது அவரும்தானே, போர்டு முகம் பார்க்க விரும்பும். மாதாமாதம் கட்டும் மெயின்டனன்ஸ் தொகை எவ்வளவு, செல்லப்பிராணி விதி என்ன என்பதைப் படித்துவிட்டுப் போங்கள். 140 பக்கத்தின் நகலும் கையில் இருக்கட்டும், அந்த வெள்ளைத் தாளையும் சேர்த்து.