நாணல் தவளையில் புது இனம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

கீரிப்பாறை_நிஷா:
நாகர்கோவிலில் எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கிறேன். ஆப்பிரிக்க நாணல் தவளைகள், அதாவது ஹைப்பெரோலியஸ் பேரினம் பற்றி செமினார் எடுக்க வேண்டும். ஒரே இனத்திலேயே ஒன்றில் வரி, ஒன்றில் புள்ளி, இன்னொன்று வெறும் பழுப்பு. பிறகு எதைப் பார்த்துப் புதிது என்கிறார்கள்?

மார்த்தாண்டம்_வாத்தியார்:
மக்களே, முதலில் நிறத்தை ஒதுக்கி வை. நான் தான்சானியாவில் மொரொகோரோ பக்கம் பள்ளியில் வேலை பார்த்தவன். மழைக்கால ராத்திரியில் குளத்தோரம் டார்ச் அடித்தால், விரல்நுனி அளவு ஆண் தவளை கோரைத் தண்டைப் பிடித்துக்கொண்டு, தொண்டைப் பையைத் தலையைவிடப் பெரிதாக ஊதிக் கத்தும். குஞ்சுகள் பெரும்பாலும் மங்கலான நிறம். பெண்கள் வளர்ந்ததும் பளிச்சென்று மாறும்; ஆண்களில் சில மாறும், சில அப்படியே இருந்துவிடும். ஒரே குளத்தில் மூன்று நிறம் கண்டாலும் அது ஒரே இனமாக இருக்கலாம்.

அதனால் ஆண் கத்துவதைப் பதிவு செய்து, அதிர்வெண்ணையும் நீளத்தையும் அளப்பார்கள். தன் இனத்தின் குரலுக்குத்தானே பெண் வரும்! அப்புறம் ஆணின் தொண்டைச் சுரப்பி, விரலிடைச் சவ்வு, மரபணு எல்லாம் பார்ப்பார்கள். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால்தான் புதுப்பெயர்.

ஆனால் அதே மொரொகோரோ வட்டாரத்து உகாகுரு மலையில் 2019ல் கிடைத்தது கத்துவதே இல்லை. ஆணின் தொண்டையில் சின்னச் சின்ன முட்கள் இருக்கும். சுராமிட்டி மரிடாடி என்ற வேறொரு தவளையைத் தேடிப் போனவர்கள் கையில் இது அகப்பட்டது! 2023ல் ஹைப்பெரோலியஸ் உகாகுருயென்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். செமினாரில் இதை விட்டுவிடாதே.

தக்கலை_பாபு:
ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள பிரின்சிபி தீவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்குள்ள தவளையையும் சாவோ டோமே தீவின் தவளையையும் ஒன்றென்றே எண்ணியிருந்தார்கள். 2016ல்தான் பிரின்சிபித் தவளை ஹைப்பெரோலியஸ் ட்ரூவெசி என்று தனி இனமானது. புது இனத்தை விவரிக்கும்போது மூலமாதிரியாக, அதாவது அந்தப் பெயருக்குச் சான்றாக, ஒரு தவளையை அருங்காட்சியகத்தில் வைத்து, பிடித்த இடத்தையும் எழுதியாக வேண்டும்.

கீரிப்பாறை_நிஷா:
நன்றி சார், நன்றி அண்ணா. எங்கள் ரப்பர் தோட்டத்துப் புதர்த்தவளைகளையும் இப்படிக் கவனிக்கலாமா?

மார்த்தாண்டம்_வாத்தியார்:
தாராளமாக. இவற்றுக்குக் குளமே வேண்டாம், முட்டையிலிருந்து நேரே குட்டித்தவளை வரும். போனில் பதிவு செய்தால் போதும். வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் பிடிக்காதே. ஒவ்வொரு பதிவோடும் அப்போதைய வெப்பநிலையைக் குறித்து வை. குளிர்ந்தால் கத்தும் வேகம் குறையும். அதைக் குறிக்காவிட்டால் ஒரே தவளை இரண்டு இனம்போல் தோன்றிவிடும்.