பூஸ்ட் 1.74 கேட்டால் சிமேக் ஏன் 1.89-ஐப் பிடித்துக்கொண்டு நிற்கிறது?

கேள்வி: காவிரிக்கரை

வணக்கம். சி++ திட்டம் ஒன்றை உபுண்டு 22.04 கணினியில் பில்ட் செய்ய முயல்கிறேன். பில்டை வழிநடத்தும் சிமேக் கருவிக்கான சிமேக்லிஸ்ட்ஸ் கோப்பில், லைப்ரரிகளைத் தேடும் ஃபைண்ட்_பேக்கேஜ் கட்டளை, பூஸ்ட் என்னும் சி++ லைப்ரரித் தொகுப்பின் 1.74 பதிப்பைக் கேட்கிறது. ஃபைல்சிஸ்டம், சிஸ்டம், புரோகிராம்_ஆப்ஷன்ஸ் ஆகிய மூன்று கூறுகளும் கட்டாயம் வேண்டும் என்றும் சொல்கிறது. உபுண்டுவின் நிறுவும் கருவியான ஆப்ட் வழியாக நிறுவிய பூஸ்ட் 1.74 கணினியில் முழுமையாக இருக்கிறது. மூன்று கூறுகளின் லைப்ரரி கோப்புகளும், அவை எங்கே இருக்கின்றன என்று சிமேக்குக்குச் சொல்லும் கன்ஃபிக் கோப்புகளும் /யுஎஸ்ஆர்/லிப் கோப்புறைக்குள் இருப்பதைத் திறந்து பார்த்து உறுதிசெய்துகொண்டேன். வேறொரு வேலைக்காக பூஸ்ட் 1.89-ஐ மூலநிரலிலிருந்து பில்ட் செய்து /யுஎஸ்ஆர்/லோக்கல் கோப்புறையிலும் நிறுவியிருக்கிறேன்.

இப்போது சிமேக்கை ஓட்டினால், பூஸ்ட்_சிஸ்டம் என்னும் பேக்கேஜின் கன்ஃபிக் கோப்பைக் காணவில்லை, கேட்கப்பட்ட பதிப்பு 1.89.0 என்று பிழை வருகிறது. 1.89.0 வேண்டும் என்று நான் எங்குமே எழுதவில்லை. மேலும், /யுஎஸ்ஆர்/லோக்கலில் ஒரு கூறு இல்லை என்றால், மூன்றும் சேர்ந்து இருக்கும் /யுஎஸ்ஆர் பக்கம் போய்ப் பார்க்க வேண்டியதுதானே? அதையும் சிமேக் செய்யவில்லை. இது பிழையா, அல்லது இப்படித்தான் இயங்குமா?

பதில் 1: நிழல்குடை

இப்படித்தான் இயங்கும். சிமேக் முதலில் பதிப்பைப் பார்த்து ஓர் இடத்தை முடிவுசெய்கிறது. கூறுகளைப் பற்றிய பேச்சே அதற்குப் பிறகுதான் வருகிறது. கூறு இல்லை என்று தெரிந்த பின் பதிப்பு முடிவை அது மறுபரிசீலனை செய்வதில்லை. உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் விடை இந்த வரிசையிலேயே இருக்கிறது.

கன்ஃபிக் முறையில் தேடும்போது சிமேக் ஒரு பட்டியலில் உள்ள இடங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறது. பூஸ்ட்_ரூட் மாறி கொடுக்கப்பட்டிருந்தால் முதலில் அது, அடுத்து சிமேக்_பிரிஃபிக்ஸ்_பாத், அதன் பின் பாத் சூழல் மாறியில் (கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியலில்) உள்ள கோப்புறைகள், கடைசியாக இயங்குதளத்தின் வழக்கமான இடங்கள் என்று அந்த வரிசை ஏறத்தாழ அமைகிறது. பாத் மாறியில் ‘பின்’ என்று முடியும் கோப்புறை இருந்தால், அதன் மேல்கோப்புறையும் தேடும் இடமாகிவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கோண்டா என்னும் பேக்கேஜ் மேலாளரின் சூழல் ஒன்றை இயக்கிவிட்டு சிமேக்கை ஓட்டுபவர்களுக்கு, அந்தச் சூழலுக்குள் இருக்கும் க்யூட்டி என்னும் வரைகலை லைப்ரரியோ பூஸ்ட்டோ அழையா விருந்தாளியாக வந்து சேர்வது இதனால்தான். உங்கள் கணினியில் /யுஎஸ்ஆர்/லோக்கல்/பின் முன்னால் இருக்கும், ஆகவே 1.89 முதலில் கண்ணில் படுகிறது.

கன்ஃபிக் கோப்பு ஒன்று கிடைத்ததும், சிமேக் அதை உடனே படிப்பதில்லை. அதன் அருகில் இருக்கும் பூஸ்ட்கன்ஃபிக்வெர்ஷன் கோப்பை முதலில் ஓட்டி, கேட்ட பதிப்புக்கு இது ஒத்துவருமா என்று விசாரிக்கிறது. ஒத்துவரும், வராது என்று தீர்மானிப்பது சிமேக் அல்ல, அந்தக் கோப்பை எழுதியவர். பூஸ்ட்டின் கோப்பு, கேட்ட எண்ணைவிடத் தன் எண் குறைவாக இருந்தால் மட்டுமே மறுக்கும். கூடுதலாக இருந்தால் ஏற்றுக்கொள்ளும். 1.74 கேட்டவருக்கு 1.89 கொடுக்கப்பட்டது இப்படித்தான். மறுத்திருந்தால் சிமேக் அடுத்த இடத்துக்குப் போயிருக்கும்; ஏற்றுக்கொண்டதால் தேடல் அங்கேயே முடிந்துவிட்டது.

இனி கூறுகள். நீங்கள் எழுதும் கூறுகளின் பெயர்களுக்கு சிமேக்கைப் பொறுத்தவரை எந்தப் பொருளும் இல்லை. அந்தப் பட்டியலை அப்படியே கன்ஃபிக் கோப்பின் கையில் கொடுத்துவிடுகிறது, அவ்வளவுதான். 1.70 பதிப்பிலிருந்து பூஸ்ட் தானே வழங்கும் கன்ஃபிக் கோப்பு, ஒவ்வொரு கூறையும் பூஸ்ட்_சிஸ்டம், பூஸ்ட்_ஃபைல்சிஸ்டம் என்று தனித்தனி பேக்கேஜாகக் கருதி, உள்ளே மீண்டும் ஒரு ஃபைண்ட்_பேக்கேஜை அழைக்கிறது. அப்போது தன் பதிப்பு எண்ணையே கொடுத்து, எக்ஸாக்ட் (அதே பதிப்புதான் வேண்டும்) என்ற நிபந்தனையையும் சேர்த்துவிடுகிறது. நீங்கள் எழுதாத 1.89.0 என்ற எண் பிழைச்செய்தியில் தோன்றியதற்குக் காரணம் இந்த உள் அழைப்பே. /யுஎஸ்ஆரில் இருக்கும் பூஸ்ட்_சிஸ்டம் 1.74.0 கண்ணில் பட்டாலும் எக்ஸாக்ட் நிபந்தனை அதைத் தள்ளிவிடும். அது தேவையான கண்டிப்புதான்: பூஸ்ட்டின் இரண்டு வெளியீடுகளுக்கு இடையே பைனரி ஒத்திசைவு (கம்பைல் ஆன கோப்புகள் ஒன்றோடொன்று பொருந்துவது) இருக்கும் என்று யாரும் உறுதி அளிப்பதில்லை, ஒரு கூறை ஒரு வெளியீட்டிலிருந்தும் மற்றொன்றை இன்னொன்றிலிருந்தும் எடுத்துக் கோர்த்தால், பில்ட் ஆனாலும் ஓடும்போது எங்கே உடையும் என்று சொல்ல முடியாது.

எந்தெந்த இடங்களைப் பார்த்தது என்று கண்ணால் காண வேண்டுமானால், சிமேக் 3.17 முதல் உள்ள டிபக்-ஃபைண்ட் என்ற தெரிவைக் கொடுத்து ஓட்டுங்கள். வெளிவரும் செய்தி மிக நீளம். ஒரு கோப்பில் சேமித்து, பூஸ்ட் என்ற சொல்லைத் தேடிப் படிப்பது நல்லது.

பதில் 2: சுள்ளிக்காடு

மேலே சொன்னது முழுக்கச் சரி. 1.89-இல் அந்தக் கூறு ஏன் இல்லை என்பதை மட்டும் சேர்க்கிறேன். பூஸ்ட் சிஸ்டம் 1.69 பதிப்பிலேயே கம்பைல் செய்யும்போது நிரலுக்குள் சேர்க்கப்படும் ஹெடர் கோப்புகள் மட்டும் கொண்டதாக மாறிவிட்டது. பழைய பில்ட் கோப்புகள் உடையாமலிருக்க, உள்ளே ஒன்றுமில்லாத ஒரு பொம்மை லைப்ரரியைப் பல ஆண்டுகள் கூடவே கொடுத்துவந்தார்கள். 2025-இல் வந்த 1.89 அந்தப் பொம்மையை எடுத்துவிட்டது. சிஸ்டம் என்ற பெயரைப் பழக்கத்தால் எழுதி வைத்திருந்த எண்ணற்ற திட்டங்கள் ஒரே நேரத்தில் நின்றுபோயின. உங்கள் திட்டத்தின் கீழ்வரம்பே 1.74 என்பதால் அந்தப் பெயர் உங்களுக்குத் தேவையே இல்லை. கூறுகளின் பட்டியலிலிருந்து சிஸ்டத்தை நீக்கிவிட்டு, லிங்க் செய்யும் வரியில் பூஸ்ட்::சிஸ்டம் இருந்த இடத்தில் பூஸ்ட்::ஹெடர்ஸ் என்று மாற்றுங்கள், 1.74, 1.89 இரண்டிலும் பில்ட் ஆகும்.

காவிரிக்கரை

இருவருக்கும் நன்றி. சிஸ்டத்தை நீக்கியதும் பில்ட் ஆகிறது. ஆனால் இந்த நிரல் ஓடப்போகும் சர்வரில் 1.74 மட்டுமே உண்டு. எனவே என் கணினியிலும் 1.74 உடன்தான் பில்ட் ஆக வேண்டும். சிமேக் 3.19 முதல் பதிப்பு வரம்பு எழுதலாம் என்று படித்தேன். 1.74 முதல் 1.75-க்குக் கீழ் வரை என்று எழுதினால் போதுமா?

பதில் 3: நிழல்குடை

போதும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள். வரம்பின் இரு முனைகளையும் சிமேக் வெர்ஷன் கோப்புக்கு மாறிகளாகத் தருகிறது. அவற்றைப் பார்ப்பதும் பாராததும் அந்தக் கோப்பின் பாடு. வரம்பை அறியாத கோப்பு, கீழ்முனையை மட்டும் ஒற்றைப் பதிப்பாக எடுத்துக்கொள்ளும். மேல்முனை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் காணாமல் போகும். நிறுவப்பட்டிருக்கும் பூஸ்ட்கன்ஃபிக்வெர்ஷன் கோப்பைத் திறந்து பாருங்கள், பத்துப் பதினைந்து வரிதான் இருக்கும். ‘குறைவா’ என்ற ஒரே ஒப்பீடு மட்டும் அதில் இருந்தால் உங்கள் மேல்வரம்பு வெறும் அலங்காரம். 1.74.0 என்று மூன்று எண்களையும் எழுதி எக்ஸாக்ட் சேர்ப்பதே உறுதியான வழி. 1.89 தன்னை மறுத்துக்கொள்ளும், சிமேக்கும் நகர்ந்து /யுஎஸ்ஆருக்கு வந்துசேரும்.

திட்டத்தின் கோப்பில் கைவைக்க விரும்பாவிட்டால், கட்டளை வரியில் பூஸ்ட்_ரூட் மாறிக்கு /யுஎஸ்ஆர் என்று கொடுக்கலாம். ஆனால் ஏற்கெனவே ஒருமுறை வெற்றியாக முடிந்த பில்ட் கோப்புறையில் இதைக் கொடுத்துப் பயனில்லை: சென்ற முறை கண்டுபிடித்த இடம் பூஸ்ட்_டிர் என்ற பெயரில் கேஷ் கோப்பில் இருக்கும், சிமேக் முதலில் அதையே நம்பும். 3.24 முதல் ஃபிரெஷ் என்ற தெரிவு இருக்கிறது, உபுண்டு 22.04-இல் வருவது 3.22 என்பதால் சிமேக்கேஷ் கோப்பை நீங்களே அழித்துவிட்டு ஓட்டுங்கள்.

பதில் 4: பழையகோட்டை

எக்ஸாக்ட் போட்டும் உங்கள் சிக்கல் தீராது என்றே நினைக்கிறேன், ஏனெனில் இதுவரை எல்லோரும் லைப்ரரியைப் பற்றியே பேசிவருகிறோம். ஹெடர் கோப்புகள் வேறொரு வழியில் வருகின்றன.

1.74-இன் ஹெடர்கள் /யுஎஸ்ஆர்/இன்க்ளூட் கோப்புறையில் இருக்கின்றன. அது கம்பைலர் தானாகவே தேடும் இடம் என்பதால், கம்பைல் கட்டளையில் அந்தப் பாதையைச் சேர்க்காமல் சிமேக் விட்டுவிடும். ஜிசிசி கம்பைலர் தன் வழக்கப்படி தேடும்போது /யுஎஸ்ஆர்/லோக்கல்/இன்க்ளூட்தான் முதலில் வருகிறது, அதன் பிறகே /யுஎஸ்ஆர்/இன்க்ளூட். ஆக, சிமேக் 1.74 கிடைத்தது என்று அறிவிக்கும், லிங்கர் 1.74-இன் லைப்ரரியோடு இணைக்கும். உங்கள் நிரலோ 1.89-இன் ஹெடர்களைக் கொண்டு கம்பைல் ஆகியிருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் லிங்கர் ஏதாவது ஒரு சிம்பலை (லைப்ரரியில் இருக்க வேண்டிய ஒரு பெயரை) காணவில்லை என்று நின்றுவிடும். இல்லாவிட்டால் பில்ட் முடிந்து, வகுப்பு ஒன்றின் நினைவக அமைப்பு இரு பக்கமும் வேறுவேறாக இருக்கும் நிலையில் நிரல் ஓடத் தொடங்கும். அப்படிப்பட்ட கோளாறைத் தேடிப் பிடிப்பதைவிட அடியிலிருந்து எழுதிவிடலாம் என்று தோன்றும்.

சோதிப்பது எளிது. பூஸ்ட்/வெர்ஷன் ஹெடரைச் சேர்த்து, பூஸ்ட்_லிப்_வெர்ஷன் மேக்ரோவை அச்சிடுங்கள். 1_74 வந்தால் நல்லது. 1_89 வந்தால் நான் சொன்னதுதான் நடந்திருக்கிறது. ஜிசிசி எந்த வரிசையில் தேடுகிறது என்பதை அதன் ‘வி’ தெரிவு வரிவரியாகக் காட்டும்.

இதற்குச் சிமேக் பக்கத்தில் நல்ல மருந்து இல்லை. 1.89-ஐ /யுஎஸ்ஆர்/லோக்கலிலிருந்து நீக்கிவிட்டு, /ஆப்ட்/பூஸ்ட்-1.89 போன்ற தனிக் கோப்புறையில் மறுபடி நிறுவுங்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் பூஸ்ட்டை பில்ட் செய்யும் பி2 கருவி /யுஎஸ்ஆர்/லோக்கலுக்குள்தான் கொட்டும். பிரிஃபிக்ஸ் தெரிவைக் கொடுத்தால் சொன்ன இடத்தில் வைக்கும். 1.89 வேண்டும் திட்டங்களுக்கு மட்டும் பூஸ்ட்_ரூட் கொடுங்கள். ஒரே லைப்ரரியின் இரண்டு பதிப்புகளைக் கம்பைலர் தானாகத் தேடும் இடங்களில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க முடியும் என்று நான் நம்பவில்லை.

நிரல் ஓடும் நேரத்தில் மட்டும் பூஸ்ட் உங்களைக் காப்பாற்றும். அதன் எஸ்ஓநேமில் (ஓடும்போது லைப்ரரியைத் தேடப் பயன்படும் பெயரில்) முழுப் பதிப்பு எண்ணும் இருப்பதால், 1.89 உடன் லிங்க் ஆன நிரல் சர்வரில் உள்ள 1.74-ஐ ஏற்காமல் தொடக்கத்திலேயே நின்றுவிடும். க்யூட்டியில் எஸ்ஓநேம் முதன்மை எண்ணோடு முடிகிறது. அங்கே சிம்பல்களுக்கு இட்ட பதிப்புக் குறிகள்தான் காவல். க்யூட்டி_6.5 பதிப்பு கிடைக்கவில்லை என்பது போன்ற செய்தி அங்கிருந்துதான் வருகிறது.

காவிரிக்கரை

மேக்ரோவை அச்சிட்டுப் பார்த்தேன். எக்ஸாக்ட் போட்ட பிறகும் 1_89 தான் வந்தது. 1.89-ஐ /ஆப்ட்டுக்கு மாற்றிவிட்டேன், இப்போது 1_74 என்று காட்டுகிறது. இன்னும் ஒரு கேள்வி: எங்கள் குழுவே எழுதும் ஒரு லைப்ரரியை அடிப்படை, வலையமைப்பு என்று இரண்டு கூறுகளாகப் பிரிக்க இருக்கிறோம். இரண்டுக்கும் தனித்தனிப் பதிப்பு எண் கொடுக்கலாமா?

பதில் 5: நிழல்குடை

ஒரே பேக்கேஜின் கூறுகள் என்றால் கொடுக்க முடியாது. ஃபைண்ட்_பேக்கேஜில் பதிப்புக்கு ஒரே ஒரு இடம்தான் உண்டு. இரண்டும் வெவ்வேறு வேகத்தில் வெளியாகும் என்றால், தொடக்கத்திலேயே இரண்டு பேக்கேஜ்களாக்கி, வலையமைப்பின் கன்ஃபிக் கோப்பிலிருந்து ஃபைண்ட்_டிபெண்டென்சி மூலம் அடிப்படையை அழையுங்கள். லைப்ரரிகளைத் தேடித் தரும் மற்றொரு கருவியான பிகேஜி-கன்ஃபிக்கின் உலகம் முழுவதும் இப்படித்தான் இயங்குகிறது: கூறுகளை ஒருசேரக் கட்டும் குடை அங்கே இல்லை, ஒவ்வொன்றுக்கும் தனி பிசி கோப்பு, தனி எண். ஜிஸ்ட்ரீமர் என்னும் மல்டிமீடியா லைப்ரரியில் அடிப்படைக்கு ஒன்றும் வீடியோவுக்கு ஒன்றுமாகப் பார்க்கலாம். அந்தச் சுதந்திரத்தின் மறுபக்கம், ஒரு கூறு ஓர் இடத்திலிருந்தும் மற்றொன்று வேறிடத்திலிருந்தும் வந்து கலக்கக்கூடும் என்பது. பிசி கோப்பின் ரிக்வயர்ஸ் வரியில் பதிப்பு நிபந்தனையைச் சரியாக எழுதினால்தான் அதைத் தடுக்கலாம்.

இரண்டும் எப்போதும் சேர்ந்தே வெளியாகும் என்றால் ஒரே பேக்கேஜ் போதும். வெர்ஷன் கோப்பைக் கையால் எழுதாமல் ரைட்_பேசிக்_பேக்கேஜ்_வெர்ஷன்_ஃபைல் கட்டளையிடம் விடுங்கள். சேம்மேஜர்வெர்ஷன் என்று கொடுத்தால், 2.3 கேட்டவருக்கு 2.5 கிடைக்கும், 3.0 கிடைக்காது, 3.19 அல்லது அதற்குப் பிந்தைய சிமேக் உருவாக்கும் கோப்பு வரம்பையும் புரிந்துகொள்ளும். 32 பிட் பில்டை 64 பிட் திட்டத்துக்குத் தராமல் தடுக்கும் சோதனையும் அதில் சேர்ந்தே வருகிறது.

கன்ஃபிக் கோப்பின் கடைசி வரியில் செக்_ரிக்வயர்ட்_காம்பொனென்ட்ஸ் மேக்ரோவை மறக்காமல் அழையுங்கள். அது இல்லாவிட்டால், யாராவது உங்களிடம் இல்லாத ஒரு கூறின் பெயரை எழுதிக் கேட்டாலும் சிமேக் மறுப்பேதுமின்றிக் ‘கிடைத்தது’ என்று சொல்லிவிடும். அந்தப் பிழை பிறகு லிங்க் செய்யும்போதுதான் தலைகாட்டும்.