அணிவகுப்புக்காகப் பழைய ராணுவ ஜீப்பை மெருகேற்றலாமா?

பச்சைப்பூச்சு:

பழைய வாகன ஆர்வலர் குழு ஒன்றின் வசம் 1944-ஆம் ஆண்டின் ஃபோர்டு ஜிபிடபிள்யூ ஜீப் ஒன்று உள்ளது. வரவிருக்கும் அணிவகுப்பில் மரியாதையை ஏற்கும் விருந்தினர் அதில் நின்றபடி சென்று படையினரைப் பார்வையிடுவார் என முடிவாகியிருக்கிறது. அதற்காகப் பளபளக்கும் பச்சை வண்ணம், குரோம் பூசிய பம்பர், வெள்ளை விளிம்பிட்ட டயர்கள், தரைத்தகட்டில் பற்றவைத்த கைப்பிடிக் கம்பி, முன்புறம் இரண்டு கொடித்தண்டுகள் ஆகியவற்றைச் செய்யத் திட்டமிட்டிருக்கிறார்கள். இது தகுமா என்று அக்குழுவின் உறுப்பினர் ஒருவர் என்னிடம் கேட்டார்.

தகாது என்பதே என் கருத்து. அந்த ஜீப் தொழிற்சாலையிலிருந்து மங்கலான ஆலிவ் பச்சையில்தான் வெளிவந்தது. வெயில் பட்டு மின்னினால் தொலைவிலிருந்தே எதிரி கண்டுகொள்வான் என்பதால் பளபளப்பை வேண்டுமென்றே நீக்கியிருந்தார்கள். ஒளிந்து நிற்பதற்காகப் பூசிய வண்ணத்தின் மேல் மின்னும் வண்ணத்தை ஏற்றி, "போர்க்கால ஜீப்" என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பது பார்வையாளருக்குத் தவறான செய்தியைத் தருவதாகும்.

அணிநடை:

நண்பர் பச்சைப்பூச்சு அவர்கள் வரலாற்றை 1944-லேயே நிறுத்திவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் சேர்ந்து இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சுமார் 6,40,000 ஜீப்புகளைக் கட்டின. அவற்றில் பல, போர் முடிந்த பின்னும் பணியில் தொடர்ந்தன. அந்த ஆண்டுகளில் அமெரிக்கப் படையே ஓரளவு பளபளப்பான பச்சைக்கு மாறிவிட்டது. 1946-இல் ஜெர்மனியின் அமெரிக்க ஆக்கிரமிப்புப் பகுதியில் காவல் பணிக்காக அமைக்கப்பட்ட கான்ஸ்டாபுலரி படையின் வாகனங்களில் மஞ்சள், நீலப் பட்டைகள் தீட்டப்பட்டிருந்தன. மக்கள் தங்களைப் பார்க்க வேண்டும் என்பதே அந்தப் படையின் நோக்கம். ஆகவே ராணுவ வாகனத்தை அலங்கரிப்பது இன்றைய ஆர்வலர்கள் கண்டுபிடித்த பழக்கமன்று; ராணுவமே செய்தது, அதுவும் வரலாறுதான்.

இன்னொன்றும் உண்டு. ஓடாமல் நிற்கும் வாகனத்தில் ரப்பர் சீல்கள் காய்ந்து, பெட்ரோல் டேங்கின் உட்புறம் துருவேறி, பிரேக் சிலிண்டர்கள் இறுகிவிடும். ஆண்டுதோறும் அணிவகுப்பு உண்டென்றால் அதற்காகவேனும் ஒருவர் அதைத் திறந்து பார்ப்பார், எண்ணெய் மாற்றுவார், பிரேக்கைச் சரிசெய்வார். மாஸ்கோவின் செஞ்சதுக்கத்தில் அதே போர்க்காலச் சோவியத் டாங்கியான டி-34-85 இன்றும் உயிரோடு ஓடுவதற்கு வெற்றிநாள் அணிவகுப்பே பெரிய காரணம். 2019-இல் லாவோஸிடமிருந்து 30 டி-34 டாங்கிகளை ரஷ்யா பெற்றுக்கொண்டதற்கும் இத்தகைய தேவைதான் முக்கியக் காரணம்.

பச்சைப்பூச்சு:

கான்ஸ்டாபுலரி உதாரணம் சரியானது. ஆனால் அது என் வாதத்துக்கே துணை நிற்கிறது. அந்தப் பட்டைகள் ஒரு குறிப்பிட்ட படைக்கு, குறிப்பிட்ட ஆண்டுகளில் உரியவை. ஒரு ஜீப் அந்தப் படையில் பணியாற்றியதற்குச் சான்று இருந்தால், அந்தப் பட்டைகளைத் தாராளமாகத் தீட்டலாம். இங்கே திட்டமிடும் குரோம் பம்பரும் வெள்ளை விளிம்பு டயரும் எந்தப் படையின் எந்த ஆண்டைச் சேர்ந்தவை?

வண்ணத்தைக்கூட ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். என்னை உண்மையில் கவலைகொள்ள வைப்பது வண்ணம் ஏற்றுவதற்கு முன் நடக்கும் வேலை. பளபளப்பான வண்ணம் தகட்டின் ஒவ்வொரு நெளிவையும் காட்டிக்கொடுக்கும். ஆகவே டிங்கரிங் செய்பவர் எல்லாவற்றையும் தேய்த்து, பட்டி போட்டு, மறுபடியும் தேய்த்துச் சமன்படுத்துவார். ஜீப்பின் பானெட்டில் உப்புத்தாளை ஈரமாக்கி மெதுவாகத் தேய்த்தால், மேலிருக்கும் வண்ண அடுக்குகள் ஒவ்வொன்றாக விலகி, அடியிலிருந்து அதன் பதிவெண்ணின் ஓர் இலக்கம் தெளிய ஆரம்பிக்கும். பம்பரில் அது சேர்ந்திருந்த படைப்பிரிவின் குறியீடும் அப்படியே தென்படலாம். எந்த ஜீப், எங்கே இருந்தது என்று சொல்லக்கூடிய சான்று பெரும்பாலும் இவ்வளவுதான். அணிவகுப்பு அவசரத்தில் மின்தேய்ப்பான் பிடித்தால் அரைமணி நேரத்தில் அத்தனையும் தூசியாகப் போய்விடும். அதற்கு மேல் போட்ட பளபளப்பைப் பிறகு எவ்வளவு கவனமாக நீக்கினாலும் அந்த இலக்கம் திரும்ப வராது.

பற்சக்கரம்:

இருவரும் தோற்றத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். இத்தகைய ஜீப்புகளைப் பழுதுபார்ப்பவன் என்ற முறையில், அணிவகுப்பு இயந்திரத்தை என்ன செய்யும் என்பதையும் சொல்ல விரும்புகிறேன்.

படையினர் நிமிடத்துக்குச் சுமார் 120 அடிகள், ஓர் அடிக்குச் சுமார் 75 சென்டிமீட்டர் என்று நடந்தால், வேகம் மணிக்கு ஏறத்தாழ 5.4 கிலோமீட்டர். இந்த ஜீப் சாதாரண முதல் கியரில், எஞ்சின் நிமிடத்துக்கு 1,000 சுற்று சுற்றும்போதே சுமார் 10 கிலோமீட்டர் வேகத்தில் போகும். நடைக்கு ஈடாகச் செல்ல ஓட்டுநர் கிளட்ச்சைப் பாதி மிதித்தபடியே ஓட்டுவார். அணிவகுப்பு முடிவதற்குள் கிளட்ச் தகடு கருகும் வாடை வரும். எஞ்சின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் பெட்டியில் தாழ்கியரைப் போட்டால் அதே 1,000 சுற்றில் வேகம் சுமார் 5.2 கிலோமீட்டராகிவிடும், கிளட்ச்சைத் தொடவே தேவையில்லை. ஆனால் இந்த ஜீப்பில் முன் அச்சை இணைத்தால்தான் தாழ்கியர் விழும். தார்ச்சாலையில் நேராகச் செல்லும்வரை சிக்கலில்லை. கூர்மையாகத் திருப்பினால் அச்சுகளில் முறுக்கு ஏறும். ஆகவே திருப்பங்களை அகலமாக எடுக்கும்படி பாதையை முன்கூட்டியே வகுக்க வேண்டும்.

அடுத்து வெப்பம். மெதுவாகச் செல்லும்போது ரேடியேட்டருக்குள் எதிர்க்காற்று புகாது, விசிறியும் மெதுவாகவே சுற்றும். பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி, கார்புரேட்டருக்கு எரிபொருள் போகாமல் எஞ்சின் நின்றுவிடும். விருந்தினர் மேடைக்கு எதிரே அது நின்றுபோனால் எத்தனை குரோம் இருந்தும் பயனில்லை. இது 6 வோல்ட் வண்டி என்பதையும் நினைவில் வையுங்கள்: எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது டைனமோ பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றாது. அலங்கார விளக்கும் ஒலிபெருக்கியும் அதே பேட்டரியில் இணைத்தால் திரும்ப ஸ்டார்ட் ஆகாது.

அணிநடை:

பற்சக்கரம் அவர்களுக்கு மிக்க நன்றி. தாழ்கியர் பற்றிய கணக்கு இதுபோன்ற வாகனத்தை அணிவகுப்பில் ஓட்டும் எவருக்கும் உதவும். குரோம் பற்றியும் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பற்சக்கரம்:

பம்பருக்குப் பூசுவதால் உறுதி குறையாது. வண்டியின் எடையைத் தாங்கும் வில்பட்டைகள் (ஸ்பிரிங் பட்டைகள்), உயர் உறுதி போல்ட்கள் ஆகியவற்றுக்குப் பூசக் கூடாது. முலாம் பூசும்போதும் அதற்குமுன் அமிலத்தில் கழுவும்போதும் எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து அதை நொறுங்கக்கூடியதாக்கிவிடும். உடனே முறைப்படி சூடாக்கி அதை வெளியேற்றாவிட்டால், பார்வைக்குப் புதிதாக இருக்கும் போல்ட் ஒருநாள் சொல்லாமல் முறியும். ஃபோர்டு கட்டிய ஜீப்புகளின் பல போல்ட் தலைகளில் "எஃப்" எழுத்து பொறிக்கப்பட்டிருக்கும். குரோம் கடையின் மெருகுச்சக்கரம் முதலில் தேய்த்தழிப்பது அதைத்தான்.

பச்சைப்பூச்சு:

இதனால்தான் முதலில் இருந்தே எதிர்க்கிறேன். பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு 2012-இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம், எந்தத் தலையீடும் குறைந்த அளவில் இருக்கவேண்டும் என்றும், செய்ததை ஆவணப்படுத்த வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது. கைப்பிடிக் கம்பியைத் தரைத்தகட்டில் பற்றவைப்பது இதற்கு நேர் எதிரானது. பின்னாளில் அதை எடுக்க வேண்டுமென்றால் தகட்டை வெட்டியே ஆகவேண்டும். 2022-ஆம் ஆண்டு இந்தியக் குடியரசு நாள் அணிவகுப்பில் பிடி-76, செஞ்சுரியன் டாங்கிகளை ஓட்டிவராமல் டிரெய்லர் வாகனங்களின் மேல் ஏற்றித்தான் காட்டினார்கள். அவற்றின் மரியாதை அதனால் குறையவில்லையே.

அணிநடை:

ஏற்றி வருவது டாங்கிக்குப் பொருந்தும். பார்வையிடும் ஜீப்பை டிரெய்லரில் ஏற்ற முடியாது. விருந்தினர் நிற்க வேண்டிய வாகனம் அது. கைப்பிடி இல்லாமல் ஒருவரை நிற்க வைப்பது பாதுகாப்பும் அன்று. ஆகவே பற்றவைப்பை நானும் கைவிடச் சொல்கிறேன், கைப்பிடியை அல்ல.

பற்சக்கரம்:

அதற்கு வழி இருக்கிறது. ஜீப்பின் உடலைச் சேஸிஸோடு இணைக்கும் போல்ட்களில் சிலவற்றைக் கழற்றி, அதே துளைகளில் சற்று நீளமான போல்ட்களைச் செலுத்தி, தனியாகச் செய்த குழாய்ச் சட்டம் ஒன்றை அவற்றின் மேல் பொருத்தலாம். நிற்பவரின் எடை சேஸிஸுக்கே போய்ச்சேரும். தகட்டில் ஒரு புதுத் துளைகூட விழாது. சட்டத்துக்கும் தகட்டுக்கும் இடையில் ரப்பர் வையுங்கள். பழைய போல்ட்களை எண்ணிட்ட பையில் போட்டு வைத்தால், அணிவகுப்பு முடிந்த மறுநாளே ஜீப் பழையபடி ஆகிவிடும். கொடித்தண்டுகளையும் பம்பரில் துளையிடாமல் பட்டைக்கவ்வி கொண்டு நிறுத்தலாம்.

பச்சைப்பூச்சு:

சட்டத்துக்கும் கவ்விக்கும் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்த உறுப்பினருக்கு அப்படியே எழுதிவிடுகிறேன். பானெட்டையும் பம்பரையும் எவரும் தேய்ப்பதற்கு முன் அடுக்கடுக்காகப் படம் எடுக்க வேண்டும் என்றும் சேர்த்து எழுதுகிறேன். குரோம் பம்பரை மட்டும் இப்போதும் ஏற்க மாட்டேன்.

அணிநடை:

அப்படியானால் மூலப் பம்பரைக் கழற்றி வண்ணத்தோடு பத்திரப்படுத்திவிட்டு, சந்தையில் கிடைக்கும் மறுதயாரிப்புப் பம்பருக்குக் குரோம் பூசி மாட்டச் சொல்லுங்கள். அது பளபளப்பதை நீங்கள் விரும்பவேண்டியதில்லை. மூலத்துக்கு ஒரு கீறலும் விழாது.