ஆங்கிலத்தில் நேர்க்கூற்று – அயற்கூற்று: பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள்?

லயத்து வகுப்பு (சுங்கை சிப்புட், பேராக்)

அனைவருக்கும் வணக்கம். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கில டியூசன் நடக்கிறது. எல்லாரும் படிவம் 3, 4. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்கள். நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றச் சொன்னால் ஒரே வாக்கியத்துக்கு மூன்று விதத் தவறு வருகிறது.

மண்டோர் (தோட்டத்து மேற்பார்வையாளர்) சொன்னது: "ஐ வில் செண்ட் தி லோரி டுமோரோ."

முதல் மாணவன்: "தி மண்டோர் செட் தேட் ஐ வில் செண்ட் தி லோரி டுமோரோ."
இரண்டாமவன்: "தி மண்டோர் செட் தேட் ஹி வில் செண்ட் தி லோரி தி நெக்ஸ்ட் டே."
மூன்றாமவள்: "தி மண்டோர் டோல்ட் தேட் ஹி வுட் செண்ட் தி லோரி தி நெக்ஸ்ட் டே."

மாறும் சொற்களின் பட்டியலை மனப்பாடம் செய்ய வைத்தாயிற்று. பட்டியல் ஒப்பிக்கிறார்கள், வாக்கியத்தில் வைக்கும்போது கோட்டை விடுகிறார்கள். எதை முதலில் சொல்லிக்கொடுப்பது? கேள்வி வாக்கியமும் கட்டளையும் வந்தால் இன்னும் மோசம். அதோடு, பழைய பயிற்சிப் புத்தகம் எல்லா வினையும் மாறும் என்கிறது. பத்திரிகையில் மாறாமலும் வருகிறது. எதைப் பின்பற்றுவது?

---

பச்சை மசி

வணக்கம். மூன்றும் மூன்று வேறு நோய். ஒரே மருந்து கொடுத்தால் வேலைக்கு ஆகாது.

முதல் மாணவனைப் பாருங்கள். அவன் மனத்தில் ஓடியது இதுதான்: "நான் நாளைக்கு லோரி அனுப்புறேன்னு மண்டோர் சொன்னாரு." தமிழில் இது முழுக்கச் சரி. நம்முடைய 'என்று' பிறர் பேச்சை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிடும். 'நான்' என்பது மண்டோரையே குறிக்கும், யாருக்கும் குழப்பம் வராது. அவன் 'தேட்' என்றால் 'என்று' என நினைத்துக்கொண்டிருக்கிறான். நாமும் பல வருடமாக அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறோம். அதுதான் சிக்கல். 'தேட்' என்பது 'அனுப்புவதாக' என்பதில் வரும் 'ஆக'. இந்த ஒரு திருத்தத்தை முதல் நாளே செய்யுங்கள்.

தமிழ்ப்பள்ளியில் இந்தப் பிள்ளைகள் நேர்க்கூற்று, அயற்கூற்று படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். அதைத் தூசி தட்டி எடுங்கள். ஆங்கிலத்துக்குப் போகும் முன் தமிழிலேயே மாற்றச் சொல்லுங்கள்:

"நான் நாளை லோரி அனுப்புவேன்" என்று மண்டோர் கூறினார்.
தான் மறுநாள் லோரி அனுப்புவதாக மண்டோர் கூறினார்.

நான் 'தான்' ஆயிற்று, நாளை 'மறுநாள்' ஆயிற்று. இன்று அன்றாகும், இங்கே அங்கேயாகும், இது அதுவாகும், நேற்று என்பது முந்தைய நாளாகும். ஆங்கிலத்திலும் இதே மாற்றங்கள்தான்: டுடே – தேட் டே, யெஸ்டர்டே – தி டே பிஃபோர், ஹியர் – தேர், திஸ் – தேட், நவ் – தென், அகோ – பிஃபோர். பட்டியலில் முக்கால்வாசி அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்தது. புதிதாகக் கற்க வேண்டியது வினைச்சொல் ஒன்றுதான்.

இரண்டாமவன் விழுந்தது அங்கேதான். தமிழில் 'அனுப்புவதாகக் கூறினார்', 'அனுப்புவதாகக் கூறுகிறார்', 'அனுப்புவதாகக் கூறுவார்' – மூன்றிலும் 'அனுப்புவதாக' அசையவில்லை. அவர் வாயைத் திறந்த நேரத்திலிருந்து பார்த்து அது பின்னால் நடக்க வேண்டியது, அவ்வளவுதான். ஆங்கிலம் அப்படிப் பார்ப்பதில்லை. நாம் இப்போது நின்று சொல்லும் இடத்திலிருந்து பார்க்கிறது. 'செட்' என்று இறந்தகாலத்தில் தொடங்கிவிட்டால் உள்ளே இருக்கும் வினையும் ஒரு படி பின்னே போகும்.

படிகளை இப்படி வையுங்கள். வொர்க்ஸ் – வொர்க்ட். இஸ் வொர்க்கிங் – வாஸ் வொர்க்கிங். ஹேஸ் வொர்க்ட் – ஹேட் வொர்க்ட். வொர்க்ட் – ஹேட் வொர்க்ட். வாஸ் வொர்க்கிங் – ஹேட் பீன் வொர்க்கிங். ஹேட் வொர்க்ட் அதற்கு மேல் போக இடமில்லை, அப்படியே நிற்கும். வில் – வுட், கேன் – குட், மே – மைட். வுட், குட், மைட், ஷுட், யூஸ்ட் டு இவையும் அசையாது. 'வுட்' என்பதை 'வுட் ஹேவ்' ஆக்குகிற பிள்ளைகள் உண்டு, அப்படி மாற்றினால் பொருளே வேறு.

மூன்றாமவளுக்கு அயற்கூற்று நன்றாகவே வருகிறது. 'டோல்ட்' பின்னால் கேட்டவர் வந்தே ஆகவேண்டும் என்பது மட்டும் தெரியவில்லை. "டோல்ட் அஸ் தேட்" என்று எழுதியிருந்தால் முழு மதிப்பெண். 'செட்' எழுதினால் ஆள் தேவையில்லை. ஆளைச் சேர்த்தே தீரவேண்டுமென்றால் நடுவில் 'டு' வேண்டும். 'செட் மி' என்பது எங்குமே கிடையாது.

---

கித்தா மரம்

பச்சை மசி சொன்ன 'தேட் = ஆக' என்பதை நானும் ஆதரிக்கிறேன்.

கேள்வி வாக்கியத்துக்கு வருகிறேன். "வேர் டிட் யூ புட் தி நைஃப்?" இதற்குப் பிள்ளைகள் எழுதுவது: "ஹி ஆஸ்க்ட் மி தேட் வேர் டிட் ஐ புட் தி நைஃப்?" இதில் மூன்று பிழை. 'தேட்' கூடாது, 'டிட்' கூடாது, கடைசியில் கேள்விக்குறி கூடாது.

செய்முறை இது. கேள்வியை முதலில் பதில் வாக்கியமாக்குங்கள்: "ஐ புட் தி நைஃப் ___." கோடிட்ட இடம் காலியாகவே இருக்கட்டும். பதில் வாக்கியத்தில் 'டிட்' தானாகவே விழுந்துவிடும், எழுவாய் முன்னே வந்துவிடும். பிறகு வினையை ஒரு படி இறக்குங்கள்: "ஐ ஹேட் புட் தி நைஃப்." கடைசியாகக் கேள்விச்சொல்லை முன்னே ஒட்டுங்கள்: "ஹி ஆஸ்க்ட் மி வேர் ஐ ஹேட் புட் தி நைஃப்." இந்த வரிசையை மாற்றக் கூடாது. படி இறக்கிய பிறகு 'டிட்'டை எடுக்கப் பார்த்தால் 'டிட்' போகும்போது காலமும் கூடவே போய்விடும்.

'ஹூ டுக் தி நைஃப்?' மாதிரி எழுவாயையே கேட்கும் கேள்விக்கு வரிசை மாற்றமே இல்லை: "ஹி ஆஸ்க்ட் ஹூ ஹேட் டேக்கன் தி நைஃப்."

ஆம் – இல்லை பதில் வரும் கேள்வி, அதாவது தமிழில் 'ஆ' விகுதி வருவது: "ஹேவ் யூ ஈட்டன்?" சாப்பிட்டாயா என்று கேட்டார். அந்த 'ஆ'தான் ஆங்கிலத்தில் 'இஃப்' அல்லது 'வெதர்'. "ஷி ஆஸ்க்ட் மி இஃப் ஐ ஹேட் ஈட்டன்." பின்னால் 'டு' வந்தால் 'வெதர்' மட்டும்தான்: "வெதர் டு கோ".

கட்டளையில் நம் நாட்டுக்கே உரிய பிழை ஒன்று இருக்கிறது: "ஹி டோல்ட் மி டோன்ட் டச்." மலாயில் 'ஜாஙான்', தமிழில் 'தொடாதே', இரண்டையும் அப்படியே பிறர் பேச்சுக்குள் வைக்கலாம். வாய்ப்பேச்சில் எல்லாரும் சொல்வதால் பிள்ளைகள் காதுக்குச் சரியாகவே கேட்கும். எழுத்தில் "ஹி டோல்ட் மி நாட் டு டச்". 'நாட்' முன்னே, 'டு' பின்னே. 'டோல்ட்' ஒன்றையே போட்டுத் தேய்க்காமல் வார்ன்ட், ரிமைண்டட், அட்வைஸ்ட், ஆர்டர்ட் எல்லாம் பழக்குங்கள், அமைப்பு ஒன்றே. 'சஜெஸ்ட்' மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராது. 'சஜெஸ்டட் மி டு கோ' தவறு. 'சஜெஸ்டட் தேட் ஐ கோ' அல்லது 'சஜெஸ்டட் கோயிங்'.

பேச்சில் வரும் 'லா', 'ப்ளீஸ்', 'வெல்' எல்லாம் அயற்கூற்றில் உதிர்ந்துவிடும்.

---

பச்சை மசி

கித்தா மரம் சொன்னது சரி.

---

பழைய கிராணி

படி இறக்குவதைச் சொல்லிக்கொடுங்கள், ஆனால் எங்கே இறங்கக் கூடாது என்பதையும் அதே வாரத்தில் சொல்லுங்கள். தள்ளிப்போட்டால் பிறகு திருத்துவது கஷ்டம். உங்கள் பத்திரிகைக் கேள்விக்கும் பதில் இதில்தான் இருக்கிறது.

சொல்லும் வினை நிகழ்காலத்தில் இருந்தால் எதுவும் மாறாது. "ஹி செஸ் தேட் ஹி இஸ் டயர்ட்."

என்றும் உண்மையாக இருப்பதை மாற்ற வேண்டியதில்லை. ஃபார்மிக் ஆசிட் ஊற்றினால் ரப்பர் பால் உறையும். நேற்று ஆசிரியர் சொன்னாலும் இன்றும் உறையத்தான் செய்கிறது. "தி டீச்சர் செட் தேட் ஆசிட் மேக்ஸ் லேடெக்ஸ் ஹார்டன்." 'மேட்' என்று எழுதினாலும் இலக்கணப் பிழை அல்ல. மாற்றாமல் விட்டால் 'இது இன்னும் உண்மை' என்ற பொருள் கூடுதலாகக் கிடைக்கிறது. செய்தியாளர்கள் மாற்றாமல் எழுதுவது பெரும்பாலும் இதனால்தான்.

வருடம் குறிப்பிட்ட இறந்தகாலச் செய்தியையும் அப்படியே விடலாம். மலேசிய இந்தியர் தலைவர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் 1960இல் உருவானது. "ஹி செட் தேட் தி சொசைட்டி வாஸ் ஃபவுண்டட் இன் 1960." 1960 என்ற எண்ணே காலத்தைக் காட்டிவிடுகிறது. அதற்கு மேல் 'ஹேட் பீன்' சுமை எதற்கு?

நடக்காததை நினைத்துச் சொல்லும் 'இஃப்' வாக்கியமும் மாறாது. "இஃப் ஐ ஹேட் அ கார், ஐ வுட் கோ" என்று ஒருவன் சொன்னால் 'ஐ' மட்டும் 'ஹி' ஆகும்.

காலச்சொல்லும் இடச்சொல்லும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவதற்கில்லை. மண்டோர் காலைப் பெரட்டில் (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்தில்) சொன்னதை அதே நாள் மத்தியானம் நீங்கள் வீட்டில் சொல்கிறீர்கள் என்றால் 'டுமோரோ' இன்னும் டுமோரோதான். ஒரு வாரம் கழித்துச் சொன்னால்தான் 'தி நெக்ஸ்ட் டே'. 'ப்ரிங்' – 'டேக்', 'கம்' – 'கோ' இதிலும் அதே கணக்கு; கொண்டு வா, கொண்டு போ என்று தமிழில் யோசித்தால் உடனே பிடிபடும்.

பயிற்சித்தாளில் 'மாற்றி எழுதுக' என்று வந்தால் எல்லாவற்றையும் மாற்றட்டும், சூழல் சொல்லப்படாததால் அதுதான் பாதுகாப்பு. கட்டுரையில் பொருளைப் பார்த்து எழுதட்டும்.

---

லயத்து வகுப்பு

மூவருக்கும் மிக்க நன்றி. 'பதில் வாக்கியம் முதலில்' என்ற வழியை இந்த வாரமே எடுக்கிறோம். இன்னும் இரண்டு ஐயம். 'மஸ்ட்' என்ன ஆகும்? இரண்டாவது, "ரவி டோல்ட் குமார் தேட் ஹி ஹேட் லாஸ்ட்" – இதில் தோற்றது யார்?

---

பழைய கிராணி

'மஸ்ட்' கட்டாயம் என்றால் 'ஹேட் டு' ஆகலாம், 'மஸ்ட்' ஆகவே இருக்கவும் செய்யலாம். ஆனால் ஊகமாக வரும் மஸ்ட்டைத் தொடாதீர்கள்: "ஹி மஸ்ட் பி டயர்ட்", களைத்திருப்பார் போல. அங்கே 'ஹேட் டு' போட்டால் களைத்தே ஆகவேண்டும் என்று ஆகிவிடும். இன்னொரு குழி: 'மஸ்ட் நாட்' என்பதை 'டிட் நாட் ஹேவ் டு' ஆக்கக் கூடாது. முன்னது 'கூடாது', பின்னது 'தேவையில்லை'. "யூ மஸ்ட் நாட் ஸ்மோக் இன் தி ஸ்டோர்" என்பதைப் பிள்ளை அப்படி மாற்றினால் ஸ்டோரில் புகைக்க அனுமதி கொடுத்த மாதிரி. "டோல்ட் தெம் நாட் டு ஸ்மோக்" என்று போய்விடுங்கள், பிரச்சினையே இல்லை.

---

பச்சை மசி

இரண்டாவது ஐயத்துக்கு: தமிழில் இந்தச் சிக்கல் கிடையாது. தான் தோற்றதாக ரவி சொன்னான் என்றால் தோற்றது ரவி. அவன் தோற்றதாக ரவி சொன்னான் என்றால் வேறொருவன். 'தான்' ஒரு சொல் செய்யும் வேலையை ஆங்கிலத்தின் 'ஹி' செய்யாது, இருவரையும் குறிக்கும். எனவே பிள்ளை எழுதி முடித்ததும் ஒவ்வொரு 'ஹி'க்குக் கீழும் பெயரை எழுதச் சொல்லுங்கள். இரண்டு பெயர் பொருந்தினால் வாக்கியத்தை மாற்ற வேண்டும். "ரவி அட்மிட்டட் டு குமார் தேட் ஹி ஹேட் லாஸ்ட்" – தோல்வியை ஒப்புக்கொள்பவன் தோற்றவன்தான், குழப்பம் போயிற்று. சரியான சொல்லும் வினையே பாதி வேலையைச் செய்துவிடும்.

எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) ஆங்கிலப் பாடத்தின், அதாவது 1119இன், எழுத்துத் தாளில் மூன்றாம் பகுதி 200 முதல் 250 சொல். அங்கே கதை எழுதும் பிள்ளை உரையாடலை வரிவரியாக மேற்கோள் குறிக்குள் அடுக்கினால் இடம் முழுவதும் அதற்கே போய்விடும். பயிற்சிக்கு இப்படி ஒரு துண்டு கொடுங்கள்:

மண்டோர்: "வை ஆர் யூ லேட்?"
சாமி: "மை பைக் ப்ரோக் டௌன். ஐ வில் ஃபினிஷ் பை ஃபைவ்."
மண்டோர்: "டோன்ட் பி லேட் அகெயின்."

எதிர்பார்க்கும் விடை: "தி மண்டோர் ஆஸ்க்ட் சாமி வை ஹி வாஸ் லேட். சாமி எக்ஸ்ப்ளெய்ன்ட் தேட் ஹிஸ் பைக் ஹேட் ப்ரோக்கன் டௌன் அண்ட் ப்ராமிஸ்ட் டு ஃபினிஷ் பை ஃபைவ். தி மண்டோர் வார்ன்ட் ஹிம் நாட் டு பி லேட் அகெயின்."

'ப்ராமிஸ்ட் டு' வந்ததால் 'வில்' எங்கே போயிற்று என்று கேட்பார்கள். வாக்குறுதி என்பதிலேயே அது அடங்கிவிட்டது என்று சொல்லுங்கள். 'எக்ஸ்ப்ளெய்ன்ட் ஹிம்' என்று யாராவது எழுதியிருந்தால் சிவப்பு மையில் வட்டம் போடுங்கள். அங்கே 'டு ஹிம்' வேண்டும்.